மூளையா, முயற்சியா? கல்முனையில் சந்தித்த இருவரின் கதை



புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்த மறுநாள் காலையில் எந்தப் பாடசாலை வாசலிலும் ஒரு வாப்பாவைக் காணலாம். கையில் பெறுபேற்றுத் தாள், பக்கத்தில் தலை குனிந்து நிற்கும் பிள்ளை. வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளி குறைவு. "சேர், இவன்ட மூள இவ்வளவுதானா?" என்று பிள்ளையின் முன்னாலேயே கேட்பார்.

இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகிப் போனது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பதில் சொல்லத் தடுமாறுகிறோம். "மூளை இருக்கு, முயற்சிதான் காணாது" என்று ஒருவருக்குச் சொல்கிறோம். "எல்லாரும் படிச்சித்தான் ஆகணுமா, வேற துறை இருக்கு" என்று இன்னொருவருக்குச் சொல்கிறோம். இரண்டும் நேரத்தைச் சமாளிக்கச் சொல்லும் பதில்கள்தான். பத்து வயதுப் பிள்ளை அந்தப் பதிலை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறது என்பதை யோசிப்பதில்லை.

இந்த முறை அந்தக் கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம். தூரம் போகத் தேவையில்லை. எங்கள் வாவிக்கரையிலேயே, 1942இல், கல்முனையில் இரண்டு மனிதர்கள் சந்தித்தார்கள். இருவரையும் 'பிறவி மேதைகள்' என்றுதான் மேடைகளில் புகழ்கிறோம். அவர்களின் வாழ்க்கையை வருடம் வருடமாக எடுத்து வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலாமவர் காரைதீவைச் சேர்ந்தவர். 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்த மயில்வாகனம். உலகம் அவரை சுவாமி விபுலானந்தர் என்று அறியும்.

பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தி பெற்றார். இதைச் சொன்னவுடன் "பார்த்தீங்களா, அது பிறவி மூளை" என்போம். இருக்கலாம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். 1911இல் கொழும்பு ஆசிரியர் கலாசாலைக்குப் போனார். பயிற்றப்பட்ட ஆசிரியராகத் திரும்பி வந்து மறுபடியும் படிப்பித்தார். பிறகு கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து டிப்ளோமா பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்தார். அந்தப் பரீட்சையில் தேறிய முதல் இலங்கையர் அவர்தான். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக வேலை செய்துகொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்குத் தன் முயற்சியில் ஆயத்தமாகித் தேறினார்.

கேம்பிரிட்ஜ் சீனியருக்கும் பட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழ பன்னிரண்டு வருடங்கள். அவ்வளவு காலமும் அவர் முழுநேர மாணவர் அல்லர். பெரும்பகுதி பகலில் வகுப்பெடுத்து இரவில் விளக்கின் முன்னால் உட்கார்ந்த ஆசிரியர். எங்களைப் போன்ற ஒரு பாடசாலை சேர்.

அவருடைய பெருநூலான 'யாழ் நூல்' இன்னும் தெளிவான சாட்சி. பழந்தமிழர் வாசித்த யாழ் என்ற கருவி வழக்கொழிந்து போயிருந்தது. அதை வாசித்தவர்களும் இல்லை, செய்யத் தெரிந்தவர்களும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் பழைய உரைகளிலும் கிடைத்த குறிப்புகளை வைத்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டு, அந்தக் கருவியின் அமைப்பை மீட்டெடுக்க முயன்றார். இதற்குத் தமிழ் மட்டும் தெரிந்தால் போதாது, பௌதிகம் மட்டும் தெரிந்தாலும் போதாது. பண்டிதர் படிப்பும் விஞ்ஞானப் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால்தான் முடிந்தது. முப்பது வருடத்துக்கு முன் இரவில் உட்கார்ந்து படித்த இரண்டு பாடங்களும் ஒரே புத்தகத்தில் வந்து சந்தித்தன. அந்த ஆராய்ச்சிக்குப் பதினான்கு வருடங்கள் சென்றதாகச் சொல்வார்கள். உடல்நலம் குன்றிய நிலையிலும் வேலையை விடவில்லை. 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. ஜூலை 19ஆம் திகதி அவர் காலமானார்.

இப்போது அந்த வாப்பாவின் கேள்விக்கு "முயற்சிதான் எல்லாம்" என்று பதில் எழுதிவிட்டு இந்தப் பதிவை முடித்துவிடலாம். ஊக்கப் பேச்சாளர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் அதுவும் அரைவாசி உண்மைதான்.

மயில்வாகனம் என்ற சிறுவன் எந்தெந்தப் படலைகளைத் தாண்டிப் போனான் என்று எண்ணிப் பாருங்கள். காரைதீவில் எழுத்தறிவித்த குஞ்சித்தம்பி ஆசிரியர். தமிழும் வடமொழியும் சொல்லிக் கொடுத்த வைத்தியலிங்க தேசிகர். கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலை. மட்டக்களப்பில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரி. கொழும்பில் அரசாங்கக் கலாசாலை. கடலுக்கு அப்பால் மதுரைத் தமிழ்ச் சங்கம். ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தனை பேர் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தத் திறமையும் உழைப்பும் அந்தக் கதவுகளின் ஊடாகத்தான் வெளியே வந்தன.

அதே காலத்தில், அதே கரையில், நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது?

வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது 1814இல். நம் முன்னோர் அந்தப் பக்கம் பெரும்பாலும் போகவில்லை. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. மார்க்கத்தையும் காப்பாற்றி ஆங்கிலக் கல்வியையும் கொடுக்க வேண்டும் என்று அறிஞர் சித்தி லெப்பை எழுதினார், பேசினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்திருந்த ஒராபி பாஷாவும் அதற்குத் துணை நின்றார். அதன் விளைவாக 1892இல் மருதானையில் ஸாஹிரா பிறந்தது.

வருடத்தைக் கவனித்தீர்களா? காரைதீவில் மயில்வாகனம் பிறந்த அதே 1892. ஆனால் மருதானை எங்கே, மட்டக்களப்பு எங்கே! இங்கே ரயில் வந்ததே 1928இல்தான். வாவிக்கரை முஸ்லிம் பிள்ளைக்கு ஸாஹிரா ஒரு கேள்விப்பட்ட பெயர் மட்டுமே.

அப்படியானால் 1892க்கும் 1942க்கும் இடைப்பட்ட ஐம்பது வருடத்தில் இந்தக் கரையில் நம்மிடையே திறமையுள்ள ஒரு பிள்ளையும் பிறக்கவில்லையா? அல்லாஹ் ஊர் பார்த்தா அறிவைக் கொடுக்கிறான்?

பிறந்தார்கள். ஒரு சாட்சி சொல்கிறோம். நம் மூத்தம்மாமார் பாடிய கவிகள். அறுவடை வயலிலும், நெல் குற்றும் உரலடியிலும், வீட்டுத் திண்ணையிலும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பெண்கள், கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே எதுகை மோனையோடு கவி கட்டிப் பதில் சொன்னார்கள். பிற்காலத்தில் அவற்றைத் தேடித் தொகுத்தவர்கள் அச்சில் கொண்டு வந்தார்கள். பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறார்கள். ஆனால் பாடியவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. திறமை இருந்தது. பயிற்சியும் இருந்தது, அன்றாடம் பாடிப் பாடித்தான் அந்த வேகம் வரும். பள்ளிக்கூடம் என்ற கதவுதான் இருக்கவில்லை. அதனால் அவர்கள் 'கவி படிக்கும் கிழவி' என்ற பெயரோடு மண்ணுக்குள் போனார்கள்.

இந்த இடத்தில்தான் இரண்டாம் மனிதர் வருகிறார்.

ஏ.எம்.ஏ. அஸீஸ், 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். தந்தை அபூபக்கர் ஊரறிந்த சட்டத்தரணி. அஸீஸ் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினார், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றில் சிறப்புப் பட்டம், பிறகு கேம்பிரிட்ஜ். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்.

1942இல் யுத்தம் நம் கரைக்கு வந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாட்டுக்கு நெல் வேண்டும். கல்முனைப் பகுதியில் உணவு உற்பத்தியைப் பெருக்க அவசரகால உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். அப்போது அம்பாறை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1961இல்தான் பிரிந்தது. கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான்.

வந்த வேலை நெல். ஆனால் வயலோரத்தில் நின்ற பிள்ளைகளையும் அவர் கண்டார். யாழ்ப்பாணத்தில் தனக்குக் கிடைத்தது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை, வெளியூரிலிருந்து வந்த கண் இலகுவாகப் பிடித்துக்கொண்டது. அதே காலத்தில்தான் விபுலானந்த அடிகளோடு நட்பு ஏற்பட்டது. காவி உடுத்த துறவியும் சிவில் சேவை அதிகாரியும் கல்வி பற்றியும் தமிழ் பற்றியும் பேசிப் பழகினார்கள். அஸீஸின் வாழ்க்கை கல்விப் பணி பக்கம் திரும்பியதில் அந்த நட்புக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள்.

அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியது. கல்முனையில் விதைத்தது 1945இல் நாடு முழுவதற்குமான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக முளைத்தது. அதன் நோக்கம் எளிமையானது. படிக்கக் கூடிய பிள்ளை, பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்தக் கூடாது. 1948இல் அஸீஸ் சிவில் சேவையையே விட்டு விலகி மருதானை ஸாஹிராவின் அதிபரானார். அந்தக் காலத்தில் ஒருவர் சிவில் சேவையை விட்டுப் பாடசாலைக்குப் போவதென்றால், இன்று மாவட்டச் செயலாளர் கதிரையை விட்டு எழுந்து வெண்கட்டி பிடிப்பதைப் போல. 1961 வரை அங்கே இருந்தார். அந்தப் பதின்மூன்று வருடத்தை ஸாஹிராவின் பொற்காலம் என்பார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி போன்ற தமிழறிஞரும் அங்கே படித்தவர்தான்.

இருவரையும் சேர்த்துப் பாருங்கள். சைவப் பிள்ளைக்கு மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் கதவு திறந்தார்கள். முஸ்லிம் பிள்ளைக்கு இந்துக் கல்லூரி கதவு திறந்தது. இருவரும் வளர்ந்த பிறகு தாங்கள் வந்த கதவை மூடவில்லை. அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். அஸீஸ் சகாய நிதியை எழுப்பினார். பிற்காலத்தில் இந்தக் கரையில் நமக்கிடையே எழுந்த மதில்களையும் சிந்திய இரத்தத்தையும் நினைக்கும்போது, 1942இன் அந்த நட்பு மனதை என்னவோ செய்கிறது.

இனி, மூளையா முயற்சியா என்று உலகம் எப்படி வாதிட்டது என்பதையும் சுருக்கமாகப் பார்ப்போம். 1869இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், மேதைமை பரம்பரையாக வருகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். பெரிய மனிதர்களின் உறவினர்களிலும் பெரிய மனிதர்கள் அதிகம் என்பதுதான் அவர் காட்டிய ஆதாரம். அந்தக் குடும்பங்களில் பரம்பரையாகப் பணமும் பதவியும் நல்ல பள்ளிக்கூடமும் கூடவே வந்ததை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. 1993இல் எரிக்சனும் சகாக்களும் பேர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணித்தியாலம் அளவில் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 'பத்தாயிரம் மணித்தியாலம் உழைத்தால் யாரும் மேதையாகலாம்' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. 2014இல் 88 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்களுக்கிடையிலான வித்தியாசத்தில் இசையில் ஏறத்தாழ 21 வீதத்தையும், விளையாட்டில் 18 வீதத்தையும், கல்வியில் 4 வீதத்தையும் மட்டுமே பயிற்சியால் விளக்க முடிந்தது. மீதி முழுவதும் பிறவி மூளை என்று அர்த்தமில்லை. எந்த வயதில் தொடங்கினார், யார் சொல்லிக் கொடுத்தார், வீட்டில் என்ன இருந்தது என்று பலவும் அந்த மீதிக்குள்தான் இருக்கின்றன.

பிறவித் திறமைக்கு நம் மொழி பேசியவரில் ராமானுஜனை விடப் பெரிய உதாரணம் இல்லை. அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தவர். எப்.ஏ. பரீட்சையில் சித்தியடையாதவர். நம் வழக்கப்படி சொன்னால் 'பெயில்'. சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கிளார்க்காக இருந்தார். சிலேட்டில் எழுதி அழித்து எழுதி அழித்து இரவும் பகலும் கணக்குப் போட்ட உழைப்பும் அவரிடம் இருந்தது. அப்படியிருந்தும், 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் ஹார்டி ஒதுக்கி வைத்திருந்தால், இன்று அந்தப் பெயரை நாம் கேள்விப்பட்டிருப்போமா? திறமை, உழைப்பு, கதவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை பாதியில் நின்றிருக்கும்.

இப்போது பாடசாலை வாசலுக்குத் திரும்பி வருவோம்.

புலமைப்பரிசில் பரீட்சை எதற்காக வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னங்கரா அமைச்சராக இருந்த 1940களில், கிராமங்களில் மத்திய கல்லூரிகளைக் கட்டி, ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அங்கே இலவசமாகப் படிக்க வைப்பதற்காகத்தான் இந்த முறை தொடங்கியது. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. இங்கே வந்தாறுமூலையிலும் அப்படியொரு மத்திய கல்லூரி இருந்தது. இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம் அந்த வளவில்தான் வளர்ந்தது. ஆக, இந்தப் பரீட்சை பிறந்தது கதவு திறப்பதற்காக. அதை நாம் பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் அரிதட்டாக மாற்றிவிட்டோம். மேலே நிற்பதை மாலை போட்டுப் படம் எடுத்துப் பதிவிடுகிறோம். கீழே விழுந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் குற்றவாளிகள். எங்களிடம் படித்த ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். வகுப்பில் பின் வாங்கு. தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என்று வருடா வருடம் எழுதினோம். சில வருடத்தின் பின் வாவிக்கரையில் பழுதான தோணி இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு துண்டும் எதற்கு என்று அவன் ஒரு பொடியனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் நின்று கேட்டோம். அமுக்கம், வெப்பம், எரிதல் எல்லாம் அவன் வாயில் சாதாரணமாக வந்தன. நாங்கள் பாடப்புத்தகத்தில் படிப்பித்த அதே பாடம். கவனம் அவனிடம் நிறையவே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் முயற்சி எடுக்கவில்லை. எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து "சேர், டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டான். அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கக் கஷ்டமாக இருந்தது.

நம் சமூகத்துக்கு இந்த உண்மை புதிதும் இல்லை. நம் ஹிப்ழ் மத்ரஸாக்களைப் பாருங்கள். ஒரு பிள்ளை நாளைக்கு ஒரு பக்கம் மனனம் செய்யும், இன்னொரு பிள்ளைக்கு அரைப் பக்கமே பாடு. 604 பக்க முஸ்ஹஃபை முதலாவது பிள்ளை இரண்டு வருடத்துக்குள் முடிக்கலாம், மற்றது மூன்றரை வருடம் எடுக்கலாம். இருவரும் ஹாபிழ்தான். அரைப் பக்கப் பிள்ளையிடம் உஸ்தாத் "உனக்கு மூளை இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்வதில்லை. புதிய பாடம், நேற்றுப் பாடம், பழைய பாடம் என்று ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்கிறார். வேகத்தில் வித்தியாசம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறார், போய்ச் சேரும் இடம் ஒன்று என்பதையும் நம்புகிறார். அதே பிள்ளை பாடசாலைக்கு வந்ததும் நாம் ஏன் ஒரு பரீட்சையோடு தீர்ப்பு எழுதுகிறோம்?

ஆகவே அந்த வாப்பாவுக்கு இனிமேல் நாங்கள் சொல்லப் போகும் பதில் இதுதான்: "மூளை அல்லாஹ் தந்தது, அதன் அளவு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. முயற்சி பிள்ளையின் பங்கு. கதவு திறப்பது உங்கள் பங்கும் எங்கள் பங்கும் ஊரின் பங்கும். நம் பங்கைச் செய்யாமல் பிள்ளையின் மூளையைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை."

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். 1942இல் யுத்தமும் அரிசிப் பஞ்சமும் இருந்த நேரத்தில் கல்முனையில் ஒரு கல்விச் சங்கம் தொடங்க முடிந்தது. இன்று நம் மஹல்லாக்களில் பள்ளிவாசல் மண்டபம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வையுங்கள், சந்தோஷம். அதே வாரத்தில், எடுக்காத பிள்ளைகளை அழைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் இஷாவுக்குப் பின் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் உட்கார யார் தயார் என்று கேளுங்கள். எங்களில் சிலர் தயார். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பேசலாம்.

இந்தப் பதிவை வாசிக்கும் வாப்பா, உம்மா யாருடைய வீட்டிலாவது இன்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு படுத்திருந்தால், போய்த் தலையைத் தடவிவிடுங்கள். பெறுபேற்றுத் தாளை அலுமாரியில் வையுங்கள். நாளைக் காலை புத்தகப் பையை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவை விசாலமாக்குவானாக. நமக்கும் கதவு திறக்கும் மனதைத் தருவானாக. ஆமீன்.